வரப்பில் மூன்று இலை: புளியாரை கீரையா, களையா?

காவிரி டெல்டாவில் களை எடுக்க இறங்கும் பெண்களுக்கு ஆரையை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நட்ட வயலில் நான்கு இலையை விரித்துக்கொண்டு தண்ணீரில் மிதப்பது ஆரை. கரையேறி வரப்பில் கால் வைத்தால், கிட்டத்தட்ட அதே சாயலில் மூன்று இலையும் மஞ்சள் பூவுமாகப் படர்ந்து கிடப்பது புளியாரை. ஒன்று தண்ணீருக்குள், இன்னொன்று தண்ணீருக்கு வெளியே. இரண்டும் கீரையாகச் சட்டிக்குப் போகும். இரண்டையும் களை என்று பிடுங்கியும் போடுவார்கள்.

இதே குடும்பத்தில் இளஞ்சிவப்புப் பூவோடு வேறு சில செடிகள் இருக்கின்றன. பார்க்க அழகானவை. தொட்டிச் செடியாகவும், நாற்றுப் பையில் ஒட்டிக்கொண்டும் ஊர் ஊராகப் பயணம் போகக்கூடியவை. அவை கால் ஊன்றிய நிலத்தில் கூலி கொடுத்துக் களை எடுத்தாலும் எடுத்த மாதிரியே இருக்காது. எது உள்ளூர்ப் புளியாரை, எது வெளியூரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் நல்ல கீரையும் மிஞ்சும், களைக்கூலியும் மிஞ்சும்.

அடையாளம் காண்பது எப்படி?

புளியாரை தரையோடு படரும் சிறு செடி. தண்டு நூல் போல மெலிந்திருக்கும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் இதய வடிவில் மூன்று இலைகள் இருக்கும். பூ மஞ்சள், ஐந்து இதழ். காய் சின்னஞ்சிறு வெண்டைக்காயைப் போல நிமிர்ந்து நிற்கும். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் புளிக்கும். பெயரில் 'புளி' சேர்ந்தது அதனால்தான். மாலையானால் இலைகள் குடை மடக்கியது போலத் தொங்கிவிடும். காலை வெயில் பட்டதும் விரியும்.

ஆரைக்கும் புளியாரைக்கும் உறவு கிடையாது. ஆரை பூக்காத செடி, பெரணி இனத்தைச் சேர்ந்தது. புளியாரைக்குச் சொந்தக்காரர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். நட்சத்திரப் பழம் என்று சந்தையில் விற்கும் ஐந்து மூலைப் பழமும், ஊறுகாய் போடும் பிலிம்பியும் இதே குடும்பம்தான். தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா மலைகளில் 'ஓகா' என்ற கிழங்கை உருளைக்கிழங்குக்கு அடுத்த முக்கியக் கிழங்காகப் பயிரிடுகிறார்கள். அதுவும் புளியாரை இனம்தான்.

லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் 1753-ல் புளியாரைக்கு 'ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா' என்று பெயர் வைத்தார். இன்று இது இல்லாத நாடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு தூரம் பரவிவிட்டதால், இதன் பூர்வீகம் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஆயுர்வேதத்தின் பழைய நூல்களிலேயே 'சாங்கேரி' என்ற பெயரில் இடம்பெற்ற மூலிகை இது. சித்த மருத்துவத்திலும் பசியின்மை, கழிச்சல் போன்றவற்றுக்குப் பயன்படுகிறது.

டெல்டாவில் எங்கே வளரும்?

ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. கொஞ்சம் நிழல் இருந்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றும் கூடிய இடமெல்லாம் புளியாரையின் வீடு. அதனால் நடவு வயலுக்குள் இதற்கு வேலை இல்லை. வரப்பு, வாய்க்கால் கரை, கிணற்றடி, கொல்லைப்புறம், செங்கல் பாவிய முற்றத்தின் இடுக்கு ஆகியவைதான் இதன் இடம். தென்னந்தோப்பின் பாத்தி, கொள்ளிடக் கரைப் படுகை வாழை, அகத்தி நிழலில் அடிக்கடி தண்ணீர் பாயும் வெற்றிலைக் கொடிக்கால் ஆகியவை இதற்கு ரொம்பப் பிடித்தவை.

நெல் விவசாயிக்குப் புளியாரை பெரிய எதிரி அல்ல. தொல்லை தருவது நாற்றுப் பண்ணையிலும் கொடிக்காலிலும் பூந்தோட்டத்திலும்தான். காரணம் அதன் காய். முற்றிய காயை விரலால் தொட்டாலே 'பட்'டென்று வெடித்து விதைகளைச் சில அடி தூரத்துக்குத் தெறிக்கவிடும். ஒவ்வொரு விதையையும் சுற்றி இறுக்கமான ஓர் உறை இருக்கிறது. அது முற்றியதும் சட்டென்று உள்பக்கம் வெளியாகப் புரண்டு விதையை உந்தித் தள்ளுகிறது. தெறித்த விதை துணியிலும் மண்வெட்டியிலும் நாற்றுப் பையிலும் ஒட்டிக்கொள்ளும். தண்டின் கணுக்களும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். ஆகவே மேலாக அறுத்து அங்கேயே போட்டுவிட்டால், ஈர மண்ணில் அந்தத் துண்டுகள் மறுபடி பிழைத்துக்கொள்ளும்.

சட்டிக்குப் போகும் களை

புளியாரையில் வைட்டமின் சி இருக்கிறது. பாசிப்பருப்போடு சேர்த்துக் கடையலாம். காய்ந்த மிளகாய், உளுந்து வறுத்து வைத்துத் துவையல் அரைக்கலாம். ரசத்தில் புளியைக் குறைத்துக்கொண்டு இதைச் சேர்க்கலாம். புளிப்புக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலமும் அதன் உப்புகளும். பித்தளைப் பாத்திரத்தை இந்த இலையால் தேய்த்தால் பளிச்சிடுவதும் அதனால்தான். அதே காரணத்துக்காக, ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் இதைச் சமைக்கக் கூடாது. மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

கீரை என்பதால் அளவில்லாமல் சாப்பிடவும் கூடாது. ஆக்ஸாலிக் அமிலம் உடம்பில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாக மாறக்கூடியது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புளியாரையைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் எப்போதாவது, பருப்போடும் மோரோடும் சேர்த்துச் சாப்பிடலாம். மோரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. வரப்பில் களைக்கொல்லி அடிக்கும் பழக்கம் பெருகிவிட்டது. மருந்து பட்ட செடி வாடுவதற்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை பார்க்கப் பச்சையாகவே இருக்கும். கீரை பறிக்க வருபவருக்கு அந்த வரப்பில் நேற்று மருந்து அடித்தது தெரியாது. மருந்து அடித்த வரப்பில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவது அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் செய்யும் பெரிய உதவி. தெரியாத வரப்பில் பறிக்காமல், கொல்லையில் ஒரு மூலையைக் கீரைக்கென்று ஒதுக்கிவிடுவது அதைவிட நல்லது.

புளியாரையை நம்பி வாழும் உயிர்களும் உண்டு. வரப்பில் தாழப் பறக்கும் வெளிர்நீலச் சிறு வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு வகையின் புழு, இந்த இலையைத் தின்றுதான் வளர்கிறது. ஜப்பானில் 2011-ல் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, கதிர்வீச்சின் பாதிப்பை அளக்க அங்குள்ள ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது இதே வண்ணத்துப்பூச்சியையும் அது தின்னும் புளியாரையையும்தான்.

மலையிலிருந்து ஒரு எச்சரிக்கை

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போனால் கதை வேறு. அங்கே தேயிலைத் தோட்டத்திலும் காய்கறி வயலிலும் இளஞ்சிவப்புப் பூ பூக்கும் புளியாரை வகைகள் மண்டிக் கிடக்கின்றன. இவற்றின் தாயகம் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும். இலை உள்ளூர்ப் புளியாரையைவிடப் பெரியது. தரையில் படரும் தண்டு கிடையாது. இலையும் பூவும் மண்ணுக்குள்ளிருந்தே தனித்தனிக் காம்பாகக் கிளம்பும். கீழே தோண்டிப் பார்த்தால் சின்ன வெங்காயம் போலக் கிழங்கு. அதைச் சுற்றிலும் குட்டிக் கிழங்குகள்.

நம் நாட்டில் இவை பெரும்பாலும் விதை வைப்பதில்லை. பரவுவது குட்டிக் கிழங்கால்தான். செடியைப் பிடித்து இழுத்தால் காம்பு கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கும். கொத்தினாலும் ரொட்டவேட்டர் ஓட்டினாலும் குட்டிகள் வயல் முழுக்கச் சிதறும். களைக்கொல்லி அடித்தால் மேல் இலை கருகும், சில வாரத்தில் கிழங்கு மறுபடி துளிர்க்கும். உழவுதான் இந்தக் களைக்கு விதைப்பு.

சொந்த மண்ணில் அடங்கிக் கிடக்கும் செடி அயல் மண்ணில் ஏன் இப்படி ஆடுகிறது? இதே இனத்தைச் சேர்ந்த தென் ஆப்பிரிக்க மஞ்சள் புளியாரையைப் பார்த்தால் புரியும். கேப் பகுதியில் அது ஒரு காட்டுப்பூ. அங்கே வளை தோண்டும் எலி வகைகள் அதன் கிழங்கைத் தின்கின்றன. மக்களும் இலையைப் பறித்துக் குழம்பில் புளிப்புக்குச் சேர்க்கிறார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த எலிகள் கூடப் போகவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறி, பெரும்பாலும் கிழங்காலேயே பெருகி, கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் ஆலிவ், திராட்சைத் தோட்டங்களை நிறைத்துவிட்டது. மால்டாவில் அதை 'ஆங்கிலக் களை' என்றே அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அதை அளவுக்கு மீறித் தின்ற செம்மறி ஆடுகள் இறந்திருக்கின்றன.

டெல்டாவுக்கு இது புதிய பாடம் அல்ல. குளத்தை மூடும் வெங்காயத் தாமரையும் பூவின் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். வாய்க்காலை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான்.

நாற்றுப் பையைக் கவனியுங்கள்

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 2018 நவம்பர் 16-ம் தேதி கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னையை வேரோடு சாய்த்தது. அப்போது போல, ஒரே சமயத்தில் வெளியூர்க் கன்றுகளை நிறைய வாங்க வேண்டிய நிலை எப்போது வேண்டுமானாலும் வரலாம். கன்று நல்லதா என்று பார்க்கும்போது, கன்றோடு வரும் மண்ணையும் பார்க்க வேண்டும். உலகம் முழுக்கப் புளியாரை இனம் அதிகமாகப் பயணம் செய்வது நாற்றுப் பையிலும் பூந்தொட்டியிலும்தான்.

* பையின் மேல்மண்ணில் மூன்றிலைச் செடி இருந்தால் பூவின் நிறத்தைப் பாருங்கள். பூ இல்லையென்றால் விரலால் தோண்டி வேரைப் பாருங்கள். வெங்காயம் போலக் கிழங்கு இருந்தால் அந்தக் கன்றை வாங்காதீர்கள்.
* உள்ளூர் மஞ்சள் பூ வகை என்றால், மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு நடுங்கள்.
* ஊதா இலையோடு தொட்டியில் விற்கப்படும் அழகுப் புளியாரை தொட்டியிலேயே இருக்கட்டும். அந்தத் தொட்டி மண்ணைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

எடுப்பது எப்படி?

மஞ்சள் புளியாரைக்கு ஒரே விதி, காய் வெடிக்கும் முன் எடுப்பது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். காயோடு பிடுங்கியதை வரப்பில் குவிக்காமல் சாக்கில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். பிடுங்கிய பிறகும் காய் முற்றி வெடிக்கும். இதன் விதை முளைக்க வெளிச்சம் தேவை. அதனால் தென்னை மட்டை, உரிமட்டை, வாழைச் சருகு, வைக்கோல் என்று கிடைப்பதை மூன்று, நான்கு அங்குலக் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் பாதி வேலை முடிந்தது. பறித்து விற்கும் வெற்றிலைக் கொடிக்காலில் மருந்து அடிப்பதைவிட மூடாக்கும் கைக்களையுமே பாதுகாப்பு.

கிழங்கு வகை எங்காவது தலைகாட்டினால் அந்த இடத்தில் உழவு கூடாது, கொத்தும் கூடாது. சுற்றிலும் ஒரு சாண் விட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு வெட்டி எடுத்துச் சலித்து, கிழங்குகளை நெருப்பில் போட வேண்டும். நான்கு செடியாக இருக்கும்போது அரை மணி நேர வேலை. தோட்டம் முழுக்கப் பரவிவிட்டால் பல வருட வேலை.

வாசகர் கேள்விகள்

புளியாரையும் புளிச்சக்கீரையும் ஒன்றா?
இல்லை. புளிச்சக்கீரை இடுப்புயரம் வளரும் செடி, வெண்டையின் உறவு. ஆந்திராவில் கோங்குரா என்பார்கள். புளியாரை தரையில் படரும் வேறு செடி. புளிப்பு மட்டுமே பொது.

ஆடுகள் மேயலாமா?
மற்ற புல்லோடு சேர்த்துக் கொஞ்சம் மேய்ந்தால் பயமில்லை. பசியோடு இருக்கும் ஆட்டைப் புளியாரை மண்டிய இடத்தில் மட்டும் கட்டிப் போடக் கூடாது. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து நடுக்கம், தள்ளாட்டம் வரும். அப்படிக் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மக்காச்சோளத்துக்குத் துரு நோய் புளியாரையிலிருந்து வருகிறதா?
அந்தப் பூஞ்சணம் தன் வாழ்க்கைச் சுற்றில் ஒரு பகுதியைப் புளியாரை இனச் செடிகளில் கழிக்கக்கூடியது. ஆனால் ஆண்டு முழுக்க எங்காவது மக்காச்சோளம் நிற்கும் வெப்பப் பகுதிகளில், காற்றில் பறக்கும் வித்துகளால் சோளத்திலிருந்து சோளத்துக்கே நேராகப் பரவுகிறது. வரப்புப் புளியாரையை அழிப்பதால் நோய் நிற்காது. நோய் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

வரப்பில் இருப்பதை விட்டுவிடலாமா?
மஞ்சள் பூ என்றால் விட்டுவிடலாம். தாழப் படர்ந்து வரப்பு மண்ணை மூடி வைக்கும், வண்ணத்துப்பூச்சிக்கு உணவாகும், வீட்டுக்குத் துவையலாகும். பூ இளஞ்சிவப்பாக இருந்தால் அன்றைக்கே மண்ணோடு வெட்டி எடுத்துவிடுங்கள்.