உங்களுக்குத் தெரியுமா? சிக்னலில் கரையும் பெட்ரோல்

பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி செல்லும் சி.டி.எச். சாலையில் ஸ்போர்ட்ஸ் கார் பெட்ரோலைக் குடிக்க முக்கியக் காரணம், அதன் பெரிய இன்ஜினுக்கு அங்கே போதிய வேலை இல்லாததுதான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது காற்று நுழையும் வழி பெரும்பாலும் மூடியே இருக்கும்; அந்த இடுக்கில் காற்றை இழுப்பதிலேயே சக்தி வீணாகிறது. வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. அடுத்த பிரேக்கில் அது வெப்பமாகிப் போய்விடும். அகல டயர்களின் தடை வேறு. சிக்னலில் நிற்கும்போதோ மைலேஜ் பூஜ்யம்! பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால் அதே கார் நன்றாகவே மைலேஜ் தரும். விளம்பர மைலேஜ், ஆய்வக உருளைகள்மேல் சுமார் 20 நிமிடம் ஓட்டி அளந்தது. வாங்குமுன், உங்கள் பகுதியில் அந்தக் காரை ஓட்டுபவரிடம் விசாரியுங்கள்.