விளக்கெண்ணெயின் பன்னிரண்டாவது கார்பன்

சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போகிறீர்கள். குளிர்சாதனக் கிடங்குக்குச் சுவராக நிற்கும் ‘பஃப் பேனல்’, எதிரே வரும் லாரியின் சீட், டீக்கடையில் நிற்பவர் காலிலுள்ள ஷூவின் அடி. தொட்டால் மூன்றும் மூன்று விதம். ஆனால் பெரும்பாலும் மூன்றுமே ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான்: பாலியூரித்தேன்.

இது பிறப்பதைப் பார்க்க ஒரு பேப்பர் கப் போதும். ஃபோம் தொழிலில் அன்றாடம் நடக்கும் சோதனை அது. வெளிறிய திரவம் ஒன்று, பழுப்புத் திரவம் ஒன்று. இரண்டையும் ஊற்றிச் சில விநாடிகள் வேகமாகக் கலக்குவார்கள். கலவை பால்போல வெளுக்கும், சூடேறும், திடீரெனக் கப்பின் விளிம்பைத் தாண்டிப் பொங்கும். சில நிமிடங்களில் விரலில் ஒட்டாது, கத்தியால் அறுக்கலாம். பல ஃபோம்களில் பொங்க வைப்பது கார்பன் டை ஆக்சைடு, இட்லி மாவை உப்ப வைக்கும் அதே வாயு. பஃப் பேனலுக்குள் இருப்பது போன்ற ஃபோம் ஒரு கன மீட்டர் எடுத்தால் எடை சுமார் 35 கிலோதான். அதே அளவு திரவம் ஒரு டன்னைத் தாண்டும். அதாவது, நாம் காசு கொடுத்து வாங்குவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வாயு!

ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937இல் கண்டுபிடித்த இந்த வேதியியல் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. பழுப்புத் திரவம் ஐசோசயனேட். வெளிறியது பாலியால். ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ‘ஹைட்ராக்சில்’ என்ற ஜோடி பல இடங்களில் தொங்கும் மூலக்கூறுக்குத்தான் பாலியால் என்று பெயர். ஹைட்ராக்சிலைக் கண்டால் ஐசோசயனேட் விடாது, பிடித்துக்கொள்ளும். ஒரு மூலக்கூறில் இரண்டு ஜோடி இருந்தால் நீளமான சங்கிலி உருவாகும். அதற்கு மேல் இருந்தால் வலை. வலை நெருக்கமானால் பஃப் பேனல், தளர்ந்தால் மெத்தை.

இந்தப் பாலியாலை நம் பகுதியிலேயே தயாரிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலியில், பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் புரொப்பிலீன் வாயுவை வாங்கி மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் அதைப் பாலியாலாக மாற்றுகிறது. கச்சா எண்ணெய்க்கு ஹைட்ராக்சில் கிடையாது. படிப்படியாக, பெரிய பெரிய கலன்களில், அதன் மேல் ஆக்சிஜனை ஏற்றியாக வேண்டும்.

அந்த வேலையை ஒரு செடி வயலில் நின்றபடியே செய்துவிடுகிறது. ஆமணக்கு.

கடலை எண்ணெயில் ஏராளமாக இருக்கும் ஒலியிக் அமிலம், பதினெட்டு கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கும் சங்கிலி. ஆமணக்கு விதைக்குள் இருக்கும் ஒரு நொதி, அந்தச் சங்கிலியின் பன்னிரண்டாவது கார்பனைத் தேடிப்போய் ஒரு ஹைட்ராக்சிலை மாட்டிவிடுகிறது. பதினொன்றில் இல்லை, பதிமூன்றில் இல்லை. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் இப்படி மாட்டப்பட்டவை. எண்ணெய் மூலக்கூறு ஒன்றுக்குச் சராசரியாக 2.7 ஹைட்ராக்சில் தேறும். வலை பின்ன இது தாராளம். சமையல் எண்ணெயைவிடப் பத்து மடங்கு வழவழ கொழகொழவென்று அது வழிவதற்கும் இவைதான் காரணம்: மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே நகர்கின்றன. ஆளைத் திட்டுவதற்கு நாம் பயன்படுத்தும் அந்தக் குணத்தைத்தான் தொழிற்சாலை விலை கொடுத்து வாங்குகிறது. (விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது எண்ணெயில் கரையாது, புண்ணாக்கில் தங்கிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகாமல் வயலுக்கு உரமாகப் போவது அதனால்தான்.)

பன்னிரண்டாவது கார்பனுக்குப் பிறகு ஆறு கார்பன் மிச்சம். வலையில் மாட்டாத அந்த வால் சும்மா தொங்கும். தொங்குவதும் வீண்போவதில்லை, வலையை இளக்கி ரப்பர்போல வளைய விடுகிறது. எண்ணெய்க்கே உரிய குணமாகத் தண்ணீரையும் அண்ட விடாது. ரோட்டோரம் குழி தோண்டி மின்கேபிள்களை இணைக்கும்போது இணைப்பின் மேல் ஊற்றும் பிசின்களில் விளக்கெண்ணெய்ப் பாலியூரித்தேனுக்கு நீண்டகாலமாக இடமிருப்பது இதனால்தான். இறுக்கமான பஃப் பேனலுக்கு மட்டும் அந்த வால் இடைஞ்சல்.

அதற்குத் தீர்வு முந்திரித் தோட்டில் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கையைக் கறுப்பாக்கிப் புண்ணாக்கும் தோட்டு எண்ணெயைச் சூடாக்கினால், அதன் அமிலம் கார்பன் டை ஆக்சைடை உதறிவிட்டுக் கார்டனால் ஆகிறது. ஒருபக்கம் உறுதியான ஆறு கார்பன் வளையம், மறுபக்கம் நீண்ட வால். அந்த வளையத்தில் கூடுதலாக ஹைட்ராக்சில்களை ஏற்றினால் கெட்டியான ஃபோமுக்கு ஏற்ற பாலியால் தயார். உணவுக்குப் போட்டியே இல்லாத கழிவு என்பதால் எனக்கு ஆமணக்கைவிட இதன்மேல்தான் ஆசை அதிகம்.

உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் குஜராத்துடையது. அங்கே ஜெயந்த் ஆக்ரோ நிறுவனம் ஜப்பானின் மிட்சுய் கெமிக்கல்ஸ், இட்டோ ஆயில் ஆகியவற்றுடன் சேர்ந்து விளக்கெண்ணெய்ப் பாலியாலுக்கென்றே ஓர் ஆலை தொடங்கியது. நம் பக்கம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் புதிய ரகங்களை உருவாக்குகிறது.

ஆனால் கப்பில் ஊற்றிய பழுப்புத் திரவத்தை மறந்துவிடக் கூடாது. வழக்கமான ஐசோசயனேட் இன்னமும் பெட்ரோலியப் பிள்ளைதான். 100 கிராம் விளக்கெண்ணெயை முழுதாகப் பிணைக்க அது ஏறக்குறைய 40 கிராம் வேண்டும். இங்கேயும் செடி நுழையத் தொடங்கிவிட்டது: மக்காச்சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நுண்ணுயிரிகளிடம் கொடுத்து லைசின் என்ற அமினோ அமிலமாக்கி, அதிலிருந்து ஓர் ஐசோசயனேட்டை ஜெர்மனியின் கோவெஸ்ட்ரோ தயாரிக்கிறது. அதிலுள்ள கார்பனில் சுமார் 70 சதவீதம் செடியுடையது. இப்போதைக்குப் பெயின்ட், வார்னிஷ் பூச்சுகளுக்குத்தான் அது போகிறது; மெத்தைக்கு வரவில்லை.

‘இயற்கைப் பொருள்’ என்று லேபிள் ஒட்டியவர் பொய் சொன்னால்? காற்றிலுள்ள கார்பனில் துளியளவு கதிரியக்கக் கார்பன்-14 உண்டு, செடி அதையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கச்சா எண்ணெயில் மிச்சமே இல்லை. கீழடிக் கரித்துண்டுகளின் வயதைச் சொன்ன அமெரிக்க ஆய்வகம் பிளாஸ்டிக் துணுக்குகளையும் இதே முறையில் எண்ணிப் பார்க்கிறது. நம் விளக்கெண்ணெய் ரப்பரை அனுப்பினால், அதன் கார்பனில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பங்கு செடியுடையது என்று விடை வரும்.