கடலை மிட்டாய்: பதம் தெரிஞ்சா பணம்



கடலை மிட்டாய் நம் எல்லோருக்கும் செய்யத் தெரியும். ஆனா வீட்டுக்குச் செய்வது வேறு, விற்கச் செய்வது வேறு. எங்கள் குழு முதலில் போட்ட மிட்டாய் ஐப்பசி மழையில் இளகி, கவரோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் அத்தனையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நஷ்டத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

தேவையான பொருட்கள்

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 1 கிலோ, வெல்லம் 700 கிராம், தண்ணீர் ஒரு டம்ளர், ஏலக்காய், சுக்குத்தூள் கொஞ்சம், தடவ நெய்.

கடலையைப் புடைத்து, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சைக் கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கும். அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. நம் மிட்டாயைத் தின்பது குழந்தைகள் என்பதை மறக்க வேண்டாம்.

செய்முறை

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான சட்டியில் காய்ச்சுங்கள். நுரை கட்டி வரும்போது தீயைக் குறையுங்கள். தீ அதிகமானால் பாகு கருகிக் கசக்கும்.

ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டு பாகு விட்டுப் பாருங்க. கரைந்தால் பதம் வரவில்லை. கையில் உருட்ட வந்தாலும் போதாது. எடுத்து ஒடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். அதுதான் பதம். நாங்கள் உருட்டும் பதத்திலேயே இறக்கியதுதான் தப்பு. பாகில் தண்ணீர் மிச்சம் இருந்தால் மிட்டாய் இளகத்தான் செய்யும்.

பதம் வந்ததும் சுக்கு, ஏலத்தூள், கடலை போட்டுக் கிளறி, நெய் தடவிய பலகையில் கொட்டி, கட்டையால் தேய்த்து, சூட்டோடு துண்டு போடுங்கள். ஆறினால் வெட்ட வராது, நொறுங்கிவிடும். பாகு கொதிநீரைவிடச் சூடானது, மேலே பட்டால் ஒட்டிக்கொள்ளும். அடுப்பருகே பிள்ளைகளை விடாதீங்க.

ஆறியவுடனே கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழை நாளில் தட்டில் திறந்து வைத்தால் நல்ல பதமும் கெட்டுப் போகும்.

விலை வைப்பது எப்படி?

கடலை, வெல்லம் வாங்கிய காசை மட்டும் கூட்டி விலை வைத்தோம். லாபம் மாதிரி தெரிந்தது. மாசக் கடைசியில் நோட்டைப் பார்த்தால், விறகும் கவரும் பஸ் செலவும் எழுதவே இல்லை. நம் உழைப்புக்குக் கூலியும் போடவில்லை! இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறோம். உழைத்தவருக்குக் கூலி முதல் செலவு, அதற்கு மேலே நிற்பதுதான் லாபம்.

விற்பதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். கவரில் பதிவு எண், சேர்த்த பொருட்கள், எடை, விலை, தயாரித்த தேதி இருக்க வேண்டும். 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர்கள் போடக் கூடாது. நம் குழுவின் பெயரையே போடுவோம்.

முதலில் ஒரு கிலோ மட்டும் செய்து, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், மொறுமொறுப்பு குறையாமல் இருந்தால், அப்புறம் தைரியமாகக் கடைக்குக் கொண்டு போகலாம்.