வெள்ளிக் குருதியும் கிள்ளான் மிதிவண்டியும்

விக்டோரியா அவேயார்டு எழுதி 2015இல் வெளிவந்த ‘ரெட் குவீன்’ இளையோர்க்கான மிகுபுனைவுப் புதினம். அதில் வெள்ளிநிறக் குருதியுடையோர் ஆள்கின்றனர். தீயையும் நீரையும் ஏவும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு. செங்குருதியோர் உழைத்தும் போரில் மடிந்தும் அவர்களைத் தாங்குகின்றனர். கதையின் வகுப்புப் பிரிவினை முழுவதும் குருதியின் நிறத்தின்மேல் நிற்கிறது. அந்த அடித்தளம் எவ்வளவு உறுதியானது?

நம் குருதியைச் சிவப்பாக்குவது ஈமோகுளோபின் என்னும் புரதம். அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. அவை நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி உடலெங்கும் சேர்க்கின்றன. மலேசியக் கரையோரச் சேற்றில் வாழும் பெலாங்காசு என்னும் குதிரைலாட நண்டுக்கு இரும்பின் இடத்தில் செம்பு. ஆகவே உயிர்வளி ஏறியதும் அதன் குருதி நீலமாகிறது. புதினத்தின் வெள்ளிக் குருதிக்கு நெருங்கி வருவது அண்டார்க்டிக் கடலின் பனிமீன். அதற்கு ஈமோகுளோபினே கிடையாது, குருதி நிறமற்றது. உறைகுளிர் நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருப்பதாலும், இதயம் பெரிதாயிருப்பதாலும் அது பிழைக்கிறது. மலேசியாவின் கிள்ளான் வெயிலில் அத்தகைய குருதி ஒரு மனிதனை மாடிப்படி ஏறவும் விடாது, அரசாள்வது எங்கே?

செங்குருதிக்குள்ளும் வகைகள் உண்டு. 1901இல் கார்ல் லாண்ட்சுடெய்னர் அவற்றை வெளிப்படுத்தினார். அவற்றின் விகிதம் மக்களுக்கு மக்கள் சற்று மாறும். ஆயினும் எவ்வகையும் ஒரு வகுப்பாரின் தனியுடைமை அன்று. கோலாலம்பூர்த் தேசிய இரத்த மையத்தின் பையில் வகை குறிக்கப்பட்டிருக்கும். கொடையாளர் தோட்டத் துரையா, பால்மரம் வெட்டுபவரா என்பது இராது.

ஆயினும் பிரிவினை மெய்யாகவே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் இந்தியத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, நல்ல மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் என நீண்ட கோரிக்கைகளுள் ஒன்று தனித்து நிற்கிறது: துரையோ தோட்ட எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். குருதி செய்யாத பிரிவினையை அந்தத் தோட்டச் சாலையில் ஒரு வழக்கம் நாள்தோறும் செய்தது. மே மாதம் நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர்.

அக்காலக் கிராணிமாருள் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழருமே. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சுத் தொடர்வண்டிக் குடியிருப்பிலும் எழுத்தர்க்கு ஒரு படி, கூலித் தொழிலாளிக்கு வேறொரு படி. தோல் ஒன்றாயிருந்தும், பலர்க்கு மொழியே ஒன்றாயிருந்தும் படி வேறானது. புதினத்திலும் இளவரசன் மேவன் இரண்டகம் செய்வது தந்தை ஒருவரேயாகித் தாய் வேறான தன் அண்ணனுக்கே. குருதி மனிதரைப் பிரிப்பதும் இல்லை. சேர்த்துக் காப்பதும் இல்லை. அவர் நிற்கும் படியும், அந்தப் படியால் அவர் அடையும் பயனுமே இரண்டையும் செய்கின்றன.

ஆதலின் இத்தகைய கதைகளைப் படிக்கும் இளையோர், யாருக்கு எந்த ஆற்றல் பிறப்பில் வந்தது என்பதோடு நிற்கலாகாது. யார் வண்டியிலிருந்து இறங்க வேண்டியிருந்தது, அவ்விதியை வகுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். பிறப்பை மாற்ற இயலாது. விதியை மாற்ற இயலும்.