கணனிச் சட்டத்தரணி என்பவர் யார்?

அப்புக்காத்து, பிறக்கிராசி, நொத்தாரிசு என்ற மூவரையும் எமது முதியவர்கள் நன்கு அறிவார்கள். காணி வழக்கென்றால் யாரிடம் போவது, உறுதி முடிப்பதென்றால் யாரிடம் போவது என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1970களில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற வேறுபாடு நீங்கி இருவரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். இப்பொழுது 'கணனிச் சட்டத்தரணி' என்று ஒருவரைப் பற்றிப் பேசப்படுகின்றது. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இதைப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். பெற்றோரோ, இது கொழும்பிலுள்ள கம்பனிகளுக்கு வேண்டிய படிப்பு, ஊரையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்களுக்கு எதற்கு என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் தர முயல்கின்றோம்.

முன்பு நீதிமன்றம் நம்பியது தாளையும் மையையும்தான். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் கணனிப் பதிவுகளையும் சான்றாக ஏற்க வழிசெய்தது. ஆனால் அவற்றைக் காட்ட விரும்புபவர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன்பின் வந்ததே 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தைத் தழுவி இது ஆக்கப்பட்டது; 2017இல் திருத்தப்பட்டது. ஒரு செய்தி இலத்திரனியல் வடிவில் இருக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காக அதற்குச் சட்ட மதிப்பு இல்லையென்று தள்ளிவிட முடியாது என்பதே இதன் உயிர்நாடி.

இதனை எமது தொழிலில் வைத்துப் பார்ப்போம். குத்தகைத் தோட்டத்தில் வெங்காயம் செய்த ஒருவர், தம்புள்ளை வியாபாரி ஒருவருடன் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பி விலை பேசுகிறார். "கிலோவுக்கு இவ்வளவு தருகிறேன், லொறியில் ஏற்றுங்கள்" என்று வியாபாரி எழுதுகிறார். "சரி, ஏற்றுகிறேன்" என்று இவர் பதில் எழுதுகிறார். வெங்காயம் போய்ச் சேர்ந்த பின் வியாபாரி பாதி விலைதான் தருவேன் என்கிறார். பற்றுச்சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு செய்திகளும் ஓர் ஒப்பந்தமாக முடியும். அவற்றை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம்.

வைத்தவுடன் வழக்கு வென்றுவிடாது. "அது நான் அனுப்பியதல்ல", "இடையில் ஒரு வரியை அழித்துவிட்டார்கள்" என்று வியாபாரி சொல்லக்கூடும். அந்த இலக்கம் யாருடைய பெயரில் உள்ளது, செய்தி எந்த நேரம் வந்தது, அது மாற்றப்படாமல் இருக்கின்றதா, பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்தது என்பவற்றை ஒவ்வொன்றாகக் கோர்த்துக் காட்ட வேண்டும். கணனிச் சட்டத்தரணியின் திறமை இங்கேதான் தெரியும். கணனி திருத்துபவராக அவர் இருக்க வேண்டியதில்லை. கணனி அறிந்தவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்திருந்தால் போதும்.

அவரது மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் ஒப்பந்தங்கள் எழுதுவார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் தோன்றுவார். சொந்த விபரங்களைப் பாதுகாப்பதற்காக 2022இல் நிறைவேற்றப்பட்ட 9ஆம் இலக்கச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்வார். (குடும்ப விபரத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இடம்பெயர்ந்தவர்களைப் போல் அத்தனை படிவங்களில் எழுதிக் கொடுத்தவர்கள் வேறு யார்?) வருமானம் கம்பனி வேலையில்தான் அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எமது வாசகர்கள் முக்கியமாக அறிய வேண்டியது, இச்சட்டம் எதற்குச் செல்லாது என்பதை. காணியை விற்பதற்கும் கைமாற்றுவதற்குமான ஒப்பந்தம், மரண சாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை 2006ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கி வைத்தது. காணி விற்பனைக்கு இன்றும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டமே அடிப்படை. நொத்தாரிசு முன்னிலையில், ஆகக்குறைந்தது இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகைக்கும் அவ்வாறே.

ஆகவே, "உங்கள் ஊர்க் காணியை வாங்குகிறேன், தொலைபேசியில் சம்மதம் அனுப்புங்கள், பணம் போடுகிறேன்" என்று ஒருவர் கேட்டால், அச்செய்தியால் காணி கைமாறாது. வெளிநாட்டிலுள்ள உறவினரின் அற்றோணித் தத்துவம் என்று தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாலும் அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்; மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே முற்பணம் கொடுத்துவிட்டீர்களா? அதைத் திரும்பக் கேட்பதற்கு அந்தச் செய்திகள் சான்றாக உதவலாம். அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவே முடியாது.

பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். இலங்கையில் கணனிச் சட்டத்துக்கென்று தனியான அனுமதி கிடையாது. முதலில் எல்லோரையும் போலச் சட்டத்தரணியாக வேண்டும். உயர்தரத்தின் பின் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதலாம். அல்லது கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ சட்டம் படித்து, பின் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையில் தேறலாம். தொழிற் பயிற்சி முடித்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகே சிறப்புப் படிப்பு. ஆங்கிலம் இதற்கு மிகவும் தேவை. காலமும் செலவும் உண்டு. இரண்டு வருடத்தில் உழைக்கலாம் என்று எண்ணி இறங்க வேண்டாம். ஆனால் வெங்காயச் செய்கையும் தெரிந்து தமிழிலும் விளக்கக்கூடிய ஒருவர் இத்துறைக்கு வந்தால், அவரைத் தேடி வரும் வழக்குகளுக்குக் குறைவிருக்காது.

இப்போதைக்கு உங்களுக்கு இப்படியொரு பிணக்கு இருந்தால், சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது செய்திகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் மட்டும் போதாது. செய்தி வந்த அதே தொலைபேசியையும் கொண்டு செல்லுங்கள். ஒன்றையும் அழிக்க வேண்டாம், உங்களுக்குப் பாதகமானது என்று தோன்றுவதையும்கூட. வங்கிப் புத்தகம், லொறிக்காரரின் துண்டு, சிம் அட்டை யாருடைய பெயரில் எடுத்தது என்ற விபரம் இவற்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.