ஊற்றலாம், எடுக்க முடியாது

2009 ஜூனில் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் ஸீ த ஸ்டார்ஸ் என்ற குதிரை முதலில் வந்தது. ஃபேம் அண்ட் க்ளோரி இரண்டாவது. அந்த மாதக் கடைசியில் அயர்லாந்தின் டெர்பி. ஸீ த ஸ்டார்ஸுக்குச் சொந்த நாட்டுப் பந்தயம். ஆனாலும் பயிற்சியாளர் ஜான் ஆக்ஸ் அதை ஓடவிடவில்லை. மழை பெய்து, அந்தப் பந்தயம் நடக்கும் கரா மைதானத்தின் தரை இளகிவிட்டது என்பதுதான் காரணம். அந்தப் பந்தயத்தை ஃபேம் அண்ட் க்ளோரி தட்டிச் சென்றது. செப்டம்பரில் லெப்பர்ட்ஸ்டவுன் மைதானத்தில் இரண்டும் மறுபடி மோதியபோது ஸீ த ஸ்டார்ஸ்தான் ஜெயித்தது.

நாலு தூறல் விழுந்ததற்கு டெர்பியையே விடுவார்களா என்று கேட்பீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

பந்தயக் குதிரையின் எடை கிட்டத்தட்ட அரை டன். முழு வேகத்தில் அது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடும். அந்த ஓட்டத்தில் ஒரு குளம்பு தரையில் ஊன்றும் கணத்தில், உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேலான விசை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. தரை இறுகிக் கிடந்தால் அந்த அடி எலும்புக்கும் தசைநாணுக்கும் போகும். தரை குழைந்து கிடந்தால் காலைப் பிடுங்கி எடுப்பதற்கே பாதி பலம் செலவாகும். எல்லாக் குதிரைக்கும் எல்லாத் தரையும் ஒத்துவராது. முழங்காலை உயர்த்தி ஓடுகிற குதிரை சேற்றைச் சமாளித்துவிடும். தரையை ஒட்டி நீளமாக வீசி ஓடுகிற குதிரைக்கு இறுக்கமான தரைதான் தோது. இது பொது வழக்கு, விதிவிலக்குகளும் உண்டு.

தரையின் இந்த நிலைக்கு ரேஸ் உலகத்தில் ‘கோயிங்’ என்று பெயர். பிரிட்டனில் அதை ஒரு ஏணியாக வைத்திருக்கிறார்கள். மேலே ஹார்ட், அடுத்து ஃபர்ம், குட் டு ஃபர்ம், குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், கடைசியில் ஹெவி. ஹெவி என்றால் நம் நடவு வயலை நினைத்துக்கொள்ளலாம். அயர்லாந்துக்காரர்கள் நடுவில் ‘யீல்டிங்’ என்ற படியை வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சொல்லோடு எண்ணும் சேரும்: ஃபர்ம் 1-ல் தொடங்கி ஹெவி 10-ல் முடியும்.

இதை அறிவிப்பவர் ‘கிளார்க் ஆஃப் த கோர்ஸ்’ என்ற மைதானப் பொறுப்பாளர். விடியற்காலையில் ஓடுபாதை முழுவதையும் நடந்து பார்ப்பார். ஒரு காலத்தில் செருப்புக் குதிகாலும் கைத்தடியும்தான் அவருக்குக் கருவி. இப்போது ‘கோயிங்ஸ்டிக்’ இருக்கிறது. கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகமும் டர்ஃப்டிராக்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. கைப்பிடி வைத்த தடி, நுனியில் தட்டையான அலகு. அதைப் புல்லுக்குள் அழுத்தி இறக்கும்போது தரை எவ்வளவு எதிர்த்தது என்று ஒரு கணக்கு. பிறகு 45 டிகிரிக்குப் பின்னால் சாய்த்து இழுக்கும்போது வேரும் மண்ணும் எவ்வளவு பிடித்துக்கொண்டன என்று இன்னொரு கணக்கு. குளம்பு செய்வதும் இந்த இரண்டைத்தான்: இறங்குகிறது, பிறகு உந்துகிறது. பாதை நெடுகக் குத்தி எடுத்து ஒரே எண்ணாக்குவார்கள். எண் ஏறினால் தரை இறுக்கம், இறங்கினால் இளக்கம். ஆனால் ஒரு மைதானத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மண் வேறு.

மண்தான் பாதிக் கதை. நியூமார்க்கெட், எப்சம், குட்வுட் மைதானங்களுக்கு அடியில் சுண்ணப்பாறை. பெய்த மழை சீக்கிரம் கீழே இறங்கிவிடும். யார்க் மைதானம் அப்படியில்லை. அது தாழ்வான, நீர் தேங்கும் பழைய மேய்ச்சல் நிலம். 2008 ஆகஸ்டில் மழை விட்டபாடில்லாமல் அங்கே புகழ்பெற்ற ஈபோர் விழா முழுவதையும் ரத்து செய்தார்கள். அதன் பெரிய பந்தயமான இன்டர்நேஷனலை நியூமார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் ஓட்ட வேண்டியிருந்தது.

மைதானக்காரரை உண்மையில் சோதிப்பது தண்ணீர்தான். பிரிட்டனில் தடை தாண்டாத பந்தயத்துக்கு ‘குட் டு ஃபர்ம்’, தடை தாண்டும் பந்தயத்துக்கு ‘குட்’ என்ற அளவில் தரையைத் தர முயல வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கோடையில் வானம் அதைத் தராது. குழாய் திறக்க வேண்டும். எப்போது, எத்தனை மில்லிமீட்டர்? வியாழக்கிழமை ஊற்றுகிறார், வெள்ளிக்கிழமை இரவு யாரும் சொல்லாத மழை கொட்டுகிறது என்று வையுங்கள். சனிக்கிழமை இறுக்கமான தரையை நம்பி வந்தவர்கள் குதிரையை விலக்கிக்கொள்வார்கள். வானிலை அறிக்கையை நம்பி ஊற்றாமல் விட்டு, மழையும் ஏமாற்றினால், தரை இறுகிவிட்டது என்று மற்றவர்கள் விலக்குவார்கள். இறுகிய தரையை ஓர் இரவில் இளக்கிவிடலாம். இளகியதை இறுக்க வெயிலும் காற்றும் மனம் வைக்க வேண்டும். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் ஒரேயடியாக ஊற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஈரம் எங்கே குறைவு என்று பார்த்து ஊற்றுகிறார்கள். எவ்வளவு ஊற்றினோம் என்பதை வெளியே அறிவித்தும் விடுகிறார்கள்.

பந்தயம் முடிந்ததும் இன்னொரு வேலை தொடங்கும். பத்துப் பன்னிரண்டு குதிரை ஓடிய பாதையில் பெயர்ந்த புல்கட்டிகளும் குளம்புக் குழிகளும் கிடக்கும். ஆட்கள் வரிசையாக முள்வாரியோடு நடப்பார்கள். வேர் பிழைக்கும் கட்டியைக் குழியில் வைத்து மிதித்துவிடுவார்கள். பிய்ந்துபோன இடத்தில் மண்ணும் மணலும் புல்விதையும் கலந்த கலவையைக் கொட்டி மட்டம் செய்வார்கள். குழியை அப்படியே விட்டால் அடுத்த பந்தயத்தில் ஒரு குதிரை அதில் கால் மடங்கி விழலாம். உள்பக்க வேலியும் நிலையானதல்ல. அதைச் சில கஜம் வெளியே நகர்த்தி, மிதிபட்ட பட்டையை ஆறவிடுவார்கள். வளைவில் வேலி நகர்ந்தால் ஓடும் தூரம் கூடும். அதையும் அறிவிக்க வேண்டும்.

பந்தயமில்லாத மாதங்களில்தான் பெரிய வேலை. குளம்பும் இயந்திரமும் மிதித்து இறுகிய மண்ணில் நீண்ட கம்பிகளை இறக்கித் துளையிடுவார்கள். துளை வழியே காற்று உள்ளே போனால் வேர் ஆழம் போகும். ரைகிராஸ் வகைப் புல்லைச் சுமார் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு விட்டு வெட்டுவார்கள், அதுவே மெத்தை. வேர் ஆழமாக இருந்தால் கோடையில் தரை அவ்வளவு சீக்கிரம் வறண்டு இறுகாது. மண் திறந்திருந்தால் மழைநீர் மேலே நிற்காது. பந்தயத்துக்கு முந்தைய நாள் கணக்கில் ஐந்து மில்லிமீட்டர் தவறினாலும் இப்படிப்பட்ட தரை பொறுத்துக்கொள்ளும். மழையை முன்கூட்டிச் சரியாகச் சொல்ல எந்த மைதானக்காரராலும் முடியாது. தன் கணிப்பு தவறினாலும் குதிரைக்குச் சேதமில்லாத தரையை ஆண்டு முழுக்க உழைத்து வளர்க்க முடியும். அவருடைய திறமையை அதில்தான் பார்க்க வேண்டும்.