காற்றுக்கு வழிவிட்ட கருவி

விண்மீனை ஆராய்ந்தோரின் பெயரை உலகம் அறியும். அவர்தம் கருவியைச் சமைத்துக் கொடுத்தோரை யார் அறிவார்?

புனே–நாசிக் சாலையில் நாராயண்காவ் அருகே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் பரவி நின்று, ஒரே கருவியாக வானைச் செவிமடுக்கின்றன.

கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இதனைத் திட்டமிட்டபோது, காற்றே பெரும் பகையாக நின்றது. கிண்ணத்தைத் தகட்டால் மூடினால் பாய்மரத்தைத் தள்ளுவதுபோல் காற்று தள்ளும். தாங்கும் எஃகும் செலவும் பெருகும். பொறியாளர் ஆராய்ந்தனர். நீண்ட ரேடியோ அலைகளுக்குச் சிறு துளைகள் ஒரு பொருட்டல்ல. எனவே இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறுகளின் மேல், 0.55 மில்லிமீட்டர் கனமுள்ள துருவேறா எஃகுக் கம்பியாலான வலையை விரித்தனர். அலை திரும்பிக் குவிந்தது. காற்று ஊடுருவிச் சென்றது. பாரமும் செலவும் குறைந்தன.

முன்னர் ஊட்டியில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை அமைத்தபோதும் இவ்வறிவே துணைநின்றது. அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஒப்ப, ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிக் கண்டதால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஓர் அச்சில் சுழற்றியே விண்மீனைப் பின்தொடரலாயினர்.

மகன் விஞ்ஞானியாவான் என்றால் மகிழ்கிறோம். பட்டறைக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வேயில் பேனா பிடிக்கும் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் அட்டவணை எழுதுவதால் மட்டும் வண்டி ஓடுவதில்லை. தண்டவாளத்தில் ஆணி இறுக்கும் கையும் வேண்டும். பெற்றோர்களே, அந்தக் கையைத் தடுக்காதீர்கள்!